ஸ்பீக்கர் காந்தம்

நான்காம் வகுப்பில் இந்த மாதம் காந்தப் பாடம். டீச்சரின் காந்தம் நாலு குண்டூசியோடு களைத்துப்போகிறது. அம்பத்தூரில் காயலான் கடை வைத்திருக்கும் அப்பா உடைத்த ஸ்பீக்கரிலிருந்து ரேஷ்மா கொண்டுவந்த காந்தமோ, இரும்பு பெஞ்சைக் கவ்விக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. நேற்றுவரை ‘குப்பை நாத்தம்’ என்று அவளைக் கண்டு மூக்கைப் பொத்திய கோகுல்நாத் பல்லிளிக்கிறான். “எனக்கும் ஒருவாட்டி குடு, ரேஷ்மா.” அவன் மணிக்கட்டில் பிறந்தநாள் வாட்ச் சன்னல் வெயிலில் மினுங்குகிறது. காந்தம் பட்டால் முள் நின்றுவிடும் என்பதை அவள் கடையில் பார்த்திருக்கிறாள். “வாட்ச் மேல வெச்சிப் பாரு, சோக்கா ஒட்டிக்கும்.” ஒட்டிக்கொள்கிறது. நொடிமுள் எட்டில் துடித்து நிற்கிறது. அவன் காந்தத்தைப் பிய்த்தெடுத்து, வாட்ச்சைக் காதில் வைத்து உலுக்குகிறான், முள் அசையவில்லை. உதடு கோணுகிறது. அந்த உதட்டை ஆசைதீரப் பார்த்துவிட்டு ரேஷ்மா சொல்கிறாள்: “அழாதடா. எங்க கடைக்கு எட்த்துனு வா. எங்க நைனா எடைக்கு எடுத்துக்கும்.”