காற்று அடைக்கிற ஆள்

"டாங்கு கழுத்துல விரிசல் விழுந்திருக்கு வுவாய் அண்ணே, தூக்கிப் போட்டுடுங்க" என்றாள் பெம்பா தீவுக் கடற்கரையில் காற்று டாங்குகளைச் சோதிக்கும் ஜோகா.

"கடலுக்குள்ள வெடிக்குமா?"

"காத்து அடைக்கும்போது வெடிக்கும். பக்கத்துல நிக்கிற ஆள் பொழைக்க மாட்டான்."

"அப்ப எனக்கு ஒண்ணுமில்ல. அது அவன் தலையெழுத்து!"

கடலட்டைக்கு முங்கும்போது முதுகில் மாட்டிக்கொள்ளும் அந்தப் பழைய அலுமினிய டாங்கை விட்டால் வுவாய்க்குப் பிழைப்பில்லை. அடுத்த ஊரில் காற்று அடைக்கும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

"இப்பதான் சோதிச்சாங்க, நல்லாயிருக்கு" என்றார்.

முதலாளி டாங்கை உள்ளே அனுப்பிவிட்டுக் காப்பி கொடுத்தார்.

"காத்து அடைக்க ஆள் கிடைச்சாச்சா?" என்று கேட்டார் வுவாய்.

"உங்ககிட்ட சொல்லலையா? இன்னைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்தா, உங்க பொண்ணு ராயா."

"அடைக்காதே!" என்று அலறிக்கொண்டு வுவாய் உள்ளே ஓடினார். கம்ப்ரசர் ஓட ஆரம்பித்திருந்தது. அந்த இரைச்சலில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.