ஐந்தாவது மொட்டைக் கடுதாசி

வீட்டுத் தரகரின் காலை ஒடிப்பதா, கையை ஒடிப்பதா என்பதில்தான் சூப்பர்வைசருக்குக் குழப்பம். முதலில் மிரட்டி ஒரு கடிதம் எழுதுவோம், ஒடிப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சாப்பாட்டு மேசையில் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டார்.

பின்னே என்ன? ஒன்றல்ல, இரண்டல்ல, ஐந்து வீடுகள். விலை பேசி, முன்பணம் கொடுத்து, வங்கிக் கடனுக்குப் புருஷனும் பெண்டாட்டியுமாகக் கையெழுத்துப் போட்டு, பதிவுக்கு நாள் குறித்த பிறகு ஒவ்வொன்றாகக் கைநழுவிப் போயின.

பதிவுக்கு இரண்டு நாள் முன்னால் வீட்டை விற்பவருக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போகும். கம்ப்யூட்டரில் அடித்த இரண்டே வரி. ‘உங்கள் வீட்டை வாங்க வருபவர் வம்புக்காரர். வாங்கிய கையோடு, சுவரில் விரிசல் என்று உங்கள்மேல் வழக்குப் போடுவார்.’ விளக்கம் சொல்லப் போன சூப்பர்வைசர் போடும் சத்தத்தில், கடுதாசி சொல்வது சரிதான் என்று அவர்களே முடிவு கட்டிவிடுவார்கள்.

வாடகை வீட்டை இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். அந்த எரிச்சல் வேறு.

“எல்லாம் அந்த புரோக்கர் பய வேலைதான். மூணாவது வீடு பேசுறப்போ கமிஷனைக் குறைச்சேன்ல, அதை மனசுல வச்சுக் கறுவுறான்.”

“முதல் கடுதாசி அதுக்கு முன்னாடியே வந்துடுச்சே,” என்றாள் மனைவி.

“முன்கூட்டியே கறுவியிருப்பான்.”

மனைவிக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. எதிரே உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள், அவர் எழுதி நீட்டியதை வாங்கிப் படித்தாள். பழக்கதோஷம், சிவப்புப் பேனா தானாகக் கைக்கு வந்தது.

“‘பழிக்கு பழி’ இல்ல, ‘பழிக்குப் பழி’. நடுவுல ஒரு ‘ப்’ வரணும்.”

“‘ப்’ இல்லைன்னா அவன் பயப்பட மாட்டானா?”

“அப்புறம், ‘கடுதாசி எழுதியவனே’ன்னு இருக்கு. ‘எழுதியவரே’ன்னு மாத்திடுங்க.”

“குடியைக் கெடுத்தவனுக்கு மரியாதை ஒரு கேடா?”

அவள் ‘ப்’பை மட்டும் சேர்த்துக் கொடுத்தாள்.

சூப்பர்வைசருக்கு ஆத்திரம் அடங்கவில்லை. “கட்டையில போறவன். ஒண்ட ஒரு கூரை இல்லாம தெருத்தெருவா அலையணும் அவன்.”

“அலைஞ்சுக்கிட்டுத்தானே இருக்கோம்,” என்றாள் அவள்.

அவர் காதில் அது விழவில்லை. பையிலிருந்து நாலைந்து தாள்களை எடுத்தபோது, ஆத்திரம் போய் முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு வந்திருந்தது.

“ஆறாவது வீடு முடிச்சுட்டேன். புரோக்கரே கிடையாது, நேரா பேசியாச்சு. நம்ம ரெண்டு பேரைத் தவிர ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது. இப்ப எவன் கடுதாசி போடுறான்னு பாக்குறேன்.” தாள்களை அவள் பக்கம் தள்ளினார். “புதன்கிழமை பதிவு. பத்திரத்துல ஒரு எழுத்துப் பிழைகூட இருக்கக் கூடாது. வழக்கம்போல நீயே பாத்துடு.”

அவள் கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அவசரப்படாமல் வாசித்தாள். பிறகு முதல் பக்கத்துக்கே திரும்பி, ஓரிடத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டாள்.

“ஒரு பிழை இருக்கு.”

“எங்கே?”

“‘வாங்குபவர்’ங்கிற இடத்துல. கடனைக் கட்டப்போறது ரெண்டு பேர். இங்க உங்க பேர் மட்டும்தான் இருக்கு.”

“ஒவ்வொரு தடவையும் இதே பாட்டா? உன் பேரு, என் பேரு எல்லாம் ஒண்ணுதான். வேற பிழை இருந்தா சொல்லு.”

அவள் தாள்களை அடுக்கி, பேனாவை மேலே வைத்து, அவர் பக்கமே திருப்பித் தள்ளினாள்.

“இதைத் திருத்தலைன்னா, ஆறாவது கடுதாசியையும் நானே எழுதிடுவேன்.”