எது பிள்ளை?

“அம்மா, தேயிலைப் பேணி அடுப்புக்குப் பக்கத்திலை இல்லை. மேல்தட்டிலை, சீனிப் போத்தலுக்குப் பின்னாலை நிக்குது.”

மூன்றரை வயது ஆருஷ் சொல்ல, அவன் தாய் சிவகலா கையை நீட்டித் தகரப் பேணியை எடுத்தாள். விருந்தாளியாக வந்திருந்த செசீலியா அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய லாராவுக்கும் இதே வயதுதான்.

தொலைபேசியில் மட்டும் பழகிய சிவகலாவைப் பார்க்க, சுவிஸின் லாங்கன்தாலிலிருந்து வின்டர்தூருக்கு மகளோடு ரயிலேறி வந்ததே, அவள் மகன் இப்படிப் பேசுவது எப்படி என்று அறியத்தான். நத்தார்ப் பண்டிகைக்கு மன்னாரிலிருந்து மாமனார் வருகிறார். “பேத்தி வாயே திறக்கிறாளில்லை, ஊமையோ?” என்று போனில் கேட்டே விட்டார்.

லாரா ஊமை இல்லை. படம் காட்டினால் பூனை, சப்பாத்து, வாழைப்பழம் எல்லாம் சொல்லுவாள். ஆனால் தனக்கு ஒன்று வேண்டுமென்றால் விரலை நீட்டி, டொச் எனும் ஜெர்மன் மொழியில் “தாஸ் தா” என்பாள். ‘இது’ என்று அர்த்தம். வீட்டிலுள்ள அத்தனை சாமானுக்கும் அந்த ஒரு பெயர்தான்.

இப்போதும் மேசையிலிருந்த பிஸ்கற் பேணியைக் காட்டி, “தாஸ் தா” என்றாள்.

“எது பிள்ளை?” சிவகலா சிரித்த முகத்தோடு கேட்டாள்.

லாரா இன்னும் எட்டி நீட்டினாள். “தாஸ் தா.”

“எது எண்டு சொல்லுங்கோ, அன்ரி தாறன்.”

விரல் பேணியில் முட்டாத குறை. சிவகலாவோ பார்த்தும் பாராதவள் போல நின்றாள். என்ன பொறுமை, என்ன உறுதி என்று செசீலியா வியந்தாள். ஆனால் அவளுக்குத்தான் பொறுக்கவில்லை. பேணியைத் திறந்து ஒரு பிஸ்கற்றை மகளின் கையில் வைத்துவிட்டாள்.

“அம்மா, அன்ரி எடுத்துக் குடுத்திட்டா” என்றான் ஆருஷ்.

“நீங்கள் சரியான கள்ளி அக்கா.” சிவகலா சிரித்தபடியே தேநீரை ஊற்றினாள். “கோப்பை நிறைஞ்சிட்டுதோ, அப்பு?”

“இன்னும் கொஞ்சம்... காணும் அம்மா, நிறைஞ்சிட்டுது.”

அதைக்கூட விடாமல் பாடமாக்குகிறாளே என்று செசீலியாவுக்குத் தோன்றியது.

“நானும் படக் காட் வேண்டிக் குவிச்சு வைச்சிருக்கிறன். நீங்கள் எங்கை பழகினனீங்கள் இந்த வித்தையை?”

“வித்தையோ? இந்த வீட்டிலை விரல் நீட்டினால் ஒண்டும் கிடைக்காது அக்கா. பேரும் சொல்லவேணும், எங்கை இருக்கெண்டும் சொல்லவேணும். தவழேக்கையே அவனுக்கு அது விளங்கிட்டுது.”

“நானெண்டால் பிள்ளையின்ரை முகத்தைப் பாத்தவுடனை இரங்கிப்போயிடுவன்.”

“ஓம், முகத்தைப் பாத்தால் கஷ்டந்தான்” என்றாள் சிவகலா.

புறப்படும் நேரம் வந்தது. “பொறுங்கோ, பஸ் தரிப்பு மட்டும் நாங்களும் வாறம்” என்று சிவகலாவும் எழுந்தாள்.

வாசலில் லாரா தன் சப்பாத்தைக் காட்டி, “தாஸ் தா” என்றாள். எடுத்துக் கொடுக்கச் செசீலியா குனிந்தபோது, பின்னால் ஆருஷின் குரல் கேட்டது.

“அம்மா, உங்கடை வெள்ளைத்தடி கதவுக்குப் பின்னாலை, குடைக்குப் பக்கத்திலை.”

சிவகலாவின் விரல்கள் சுவரைத் தடவிப் போய், குடையைத் தொட்டு, தடியைப் பிடித்தன.

சப்பாத்தைத் தொடப்போன கையைச் செசீலியா இழுத்துக்கொண்டாள். மகளுக்கு முன்னால் முழங்காலிட்டு, தன் இரண்டு கண்களையும் இறுக மூடினாள்.

“எது பிள்ளை?”

ஒரு சின்னக் கை அவள் கன்னத்தைத் தொட்டது.

“சப்பாத்து, அம்மா.”