சுத்தமான குப்பை

"பெரிய தண்ணி பாட்டில் பத்து குடுங்க."

கடைக்காரர் எடுத்து வைத்தார். வாங்கியவர் கழுத்தில் ஆபீஸ் அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பாட்டிலைத் திறந்தார். குடிக்கப் போகிறார் என்று பார்த்தால், கடை வாசல் சாக்கடையில் கவிழ்த்தார். அடுத்ததையும் திறந்தார்.

"சார், சார். தண்ணியில ஏதாவது கிடக்கா?"

"தண்ணி நல்லாத்தான் இருக்கு. எனக்கு வேண்டியது காலி பாட்டில்."

"எதுக்கு?"

"பொண்ணுக்கு. குப்பையில ஏதாவது செஞ்சு எடுத்துட்டு வரணுமாம். நாளைக்கு ஸ்கூல்ல கண்காட்சி. ராக்கெட் கேக்கறா."

"காலி பாட்டில்தானே? தெருமுனைத் தொட்டியில மலையா கிடக்கே."

"அது அழுக்கு. சுத்தமான குப்பைதான் கொண்டு வரணும்னு டீச்சர் சொல்லிட்டாங்க."

கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏன் சார், படிச்சவர்தானே நீங்க? குப்பையைக் குறைக்கத்தான் அந்தப் பாடமே. நீங்க காசு குடுத்துக் குப்பை வாங்கறீங்க. குடிக்கற தண்ணியைச் சாக்கடைக்கு வார்க்கறீங்க. பிள்ளை என்னத்தைக் கத்துக்கும்?"

அவர் முகம் சுருங்கிப்போனது. கை மட்டும் நிற்கவில்லை. மூன்றாவது பாட்டிலும் கவிழ்ந்தது.

"நீங்க சொல்றது நியாயம்தாண்ணே. போன தடவை வீட்டுல கிடந்த பழைய டப்பாவுல பொம்மை செஞ்சு குடுத்தேன். பாக்கக் குப்பை மாதிரி இருக்குன்னு சொல்லி முட்டை போட்டுட்டாங்க. கிளாஸ் மொத்தமும் சிரிச்சிருக்கு. இந்தத் தடவையும் அப்படின்னா ஸ்கூலுக்கே போகமாட்டேன்னு நிக்கறா."

கடைக்காரர் கொஞ்சம் இறங்கி வந்தார்.

"அந்த டீச்சர் கண்டிப்புதான். மினுமினுப்புக் காகிதம் இருக்கா வீட்டுல?"

"இல்லையே."

"நாலு சுருள் எடுத்துக்கோங்க. அது இல்லாம மார்க் விழாது."

அவர் காலி பாட்டில்களை மூட்டையாகத் தூக்கிக்கொண்டு தலை குனிந்து நடந்தார்.

"இப்படியே போனா பூமி உருப்பட்ட மாதிரிதான்" என்று அவர் காதில் விழும்படியே முனகினார் கடைக்காரர்.

பிறகு, கடையை ஒட்டியிருந்த தன் வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"ஏம்மா டீச்சரம்மா, தண்ணி பாட்டில் எல்லாம் தீந்துபோச்சு. அடுத்த வாரம் பசங்களை சூரிய விளக்கு செஞ்சுட்டு வரச் சொல்லு. டார்ச் பேட்டரி நிறைய தேங்கிக் கிடக்கு."