நாற்பது நாள் வேலை

ஏரிக்கரையில் ஒரு விரிசல் விட்டிருந்தது. அதற்கு நேர் கீழே, பள்ளத்தில், கறையான் புற்று. ஏரியில் குடியிருந்த ஆமை விரிசலை அளந்து பார்த்துவிட்டுத் திட்ட அதிகாரியிடம் போயிற்று. அதிகாரி ஓர் ஈசல். அன்று காலை மழைக்குத்தான் புற்றிலிருந்து கிளம்பிப் பதவியேற்றிருந்தது.

"ஐயா, இன்னும் பத்து வருஷத்தில் கரை உடையும். உடைந்தால் உங்கள் புற்று போய்விடும். அடைப்பதற்கு நாற்பது நாள் வேலை" என்றது ஆமை.

ஈசல் கணக்குப் போட்டது. "உழைப்பு இன்றைக்கு, பலன் பத்து வருஷம் கழித்து. நாளைக்கு வரும் பலனுக்கே இன்றைய மதிப்பு கால்வாசிதான். இது பூஜ்யம். நிராகரிக்கிறேன்."

சாயங்காலம் அதன் சிறகுகள் உதிர்ந்தன.

அடுத்த வருஷ மழைக்கு வேறோர் ஈசல் அதிகாரியாக வந்தது. ஆமை, "ஒன்பது வருஷம்" என்றது. அதற்கும் பூஜ்யம்தான் வந்தது. இப்படியே வருஷத்துக்கு ஓர் அதிகாரி, வருஷத்துக்கு ஒரு பூஜ்யம்.

பத்து வருஷமும் கழிந்தது. ஆமை மூச்சு வாங்க வந்து நின்றது.

"ஐயா, கரை இன்று சாயங்காலம் உடையும்."

புது ஈசல் நிமிர்ந்து உட்கார்ந்தது. "இன்றைக்கேவா? அப்படியானால் முழு மதிப்பு! உடனே அனுமதி!" பிறகு கால அட்டவணையைப் புரட்டியது. "நாற்பது நாள் வேலையா? நேரமில்லையே." பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஆமையை முறைத்தது. "இத்தனை நாள் என்னய்யா செய்துகொண்டிருந்தீர்?"

ஆமை திரும்பி ஏரியை நோக்கி நடந்தது. அதற்கு நீச்சல் தெரியும்.