படியில் காத்திருந்தவள்

சாயங்கால வெயில் கோட்டையின் இடிந்த வாசலுக்குள் சரிந்து, தேய்ந்த கற்படியை மஞ்சளாக்குகிறது. வழிகாட்டி இன்றும் நுழைவாயிலிலேயே கூட்டத்தை எடைபோட்டுவிட்டான். படம் பிடிக்க வந்தவர்களுக்குப் போர்க்கதை, பலகைகளை விடாமல் வாசிப்பவர்களுக்கு மன்னர் பெயர்கள், நிழல் தேடுபவர்களுக்குச் சுருக்கம். முகம் வாடி வருபவர்களுக்கு, போருக்குப் போன மகனை எதிர்பார்த்து இந்தப் படியிலேயே உயிரை விட்ட தாயின் கதை. பச்சைப் பொய். அப்படி ஒருத்தி இருந்ததே இல்லை. நேற்று ஓர் அம்மாளின் முகத்தைப் பார்த்துத்தான் அதை அவிழ்த்துவிட்டான். இன்று அவர் தனியாக வந்து, அதே படியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். மடியில் பட்டை அறுந்த, ஆண்பிள்ளை கட்டும் கைக்கடிகாரம் ஒன்று. அவர் விரல் அதன் கண்ணாடியைத் தடவிக்கொண்டே இருக்கிறது.

"இந்த வாசலுக்கு என்ன கதைங்க?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்கிறார். "ஒண்ணுமில்லைங்க, வெறும் வாசல்தான், வாங்க போலாம்" என்று அவன் அவசரமாக நகர்கிறான். அம்மாள் நிமிர்கிறார். "ஏன் தம்பி, அவங்களுக்கும் சொல்லுங்களேன். பாவம், யாராவது நினைச்சுக்கட்டும் அவளை." கேமராக்கள் தாழ்கின்றன. "அவ எந்தப் பக்கமா உட்கார்ந்திருந்தா தம்பி?" என்று அம்மாளே கேட்கிறார். அவன் கை, அவனைக் கேட்காமலே, படியின் இடது ஓரத்தைக் காட்டுகிறது. அம்மாள் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு வலப்பக்கம் நகர்ந்து, அவளுக்கு இடம் விடுகிறார்.