நெஞ்சுப் பக்கம்

சிலையின் முகத்தைப் பார்த்ததும் அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள்.

அப்பா. அதே மீசை. அதே ஏறு நெற்றி.

பிறகுதான் உறைத்தது. அது சினிமாவில் அப்பாவாக நடித்த நடிகரின் முகம்.

சிற்பி ஈரச் சாக்கை முழுதாக விலக்கினார். களிமண்ணில் ஆளுயர உருவம். கைகளை இன்னும் பொருத்தவில்லை.

"போட்டோ ஒண்ணுகூட இல்லைன்னுட்டாங்க. சினிமாப் படத்தைப் பாத்துத்தான் முகம் புடிச்சேன். தப்பா இருந்தா சொல்லுங்கம்மா."

தப்பா சரியா என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

மில் வாசலில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது அவள் கவுன் போட்ட குழந்தை. அப்பா என்று அவளிடம் மிஞ்சியது ஒன்றே ஒன்றுதான். முதுகில் பொத்தான் போட்டுவிடும் விரல்கள். பஞ்சுத் தூசி ஒட்டிய, தடித்த விரல்கள்.

முகம் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

அதைப் படம் கொடுத்தது.

கடைசிக் காட்சியில் கதாநாயகன் துப்பாக்கிகளுக்கு நேரே நெஞ்சை நிமிர்த்தி நடப்பான். தியேட்டரே எழுந்து நிற்கும். படம் வந்த பிறகு ஊரில் அவளுக்கென்று ஒரு நடை வந்துவிட்டது. ரேஷன் கடை வரிசை விலகி வழி விட்டது. மேடைகளில் முன்வரிசை நாற்காலி.

இத்தனைக்கும் படத்தில் கதாநாயகனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. மகள் ஏது?

ஊர் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

அம்மா மட்டும் படம் பார்த்துவிட்டு வந்த அன்று சோறு தின்னவில்லை.

"அது உங்கப்பன் இல்லடி. அந்த மனுசன் உன்னைய டீக்கடை பெஞ்சுல உக்கார வெச்சுட்டுத்தான் மில்லு கேட்டுக்குப் போனாரு. வெடிச் சத்தம் கேட்டதும் உன்னையத் தூக்கத்தான் திரும்பி ஓடியாந்தாரு. முதுகுலதான் பட்டுச்சு."

"இதை வெளியில சொல்லித் தொலைக்காதே. எங்கப்பாவைக் கோழையாக்கறியா நீயி?"

அம்மா வெளியில் சொல்லவில்லை. வீட்டிலும் அப்புறம் சொல்லவில்லை. போன மாசி மாதம் போய்ச் சேரும்வரை அப்பாவின் பேச்சையே எடுக்கவில்லை.

கொட்டகைக்கு வெளியே சங்கச் செயலாளர் தண்டபாணி போனில் கத்திக்கொண்டிருந்தார். தேர்தல் தேதி அறிவிக்கும் முன்னால் சிலையைத் திறந்தாக வேண்டும். அமைச்சர் வருகிறார். ஃபிளெக்ஸ் அடித்தாயிற்று.

"சட்டை கொண்டாந்தீங்களாம்மா?" சிற்பி கேட்டார்.

அவள் மஞ்சப்பையை நீட்டினாள். அம்மாவின் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தது. ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்த அப்பாவின் சட்டை. மடிப்பைப் பிரித்துப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

சிற்பி களிமண் உடம்பின்மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றினார். அதன்மேல் சட்டையை மாட்டினார். அவருக்குத் துணி விழும் மடிப்பு தெரிய வேண்டும். முன்பக்கத்தை நீவிவிட்டார்.

பழுப்பேறிய வெள்ளை. நெஞ்சில் ஒரு பொட்டுக் கறை இல்லை.

பின்பக்கம் போனார். நீவிய கை நின்றது.

அவர் அவளைக் கூப்பிடவில்லை. அவளாகத்தான் போனாள்.

வலது தோள்பட்டைக்குக் கீழே ஒரு துளை. சுற்றிலும் துவைத்தும் போகாத கறை. கிழிசலைக் கண்டால் கை சும்மா இருக்காத அம்மா, அதை மட்டும் தைக்காமல் விட்டிருந்தாள்.

வெளியே போன் பேச்சு நின்றது.

சரளைக் கற்களில் செருப்புச் சத்தம்.

அவள் சட்டையைக் கழற்றினாள். திருப்பினாள். முன்பக்கம் பின்னால் போகும்படி மறுபடி மாட்டினாள். காலரை உள்ளே மடித்துவிட்டாள்.

சிற்பி பார்த்துக்கொண்டே இருந்தார்.

தண்டபாணி உள்ளே வந்தார். சிலையைப் பார்த்தார். துளையைப் பார்த்தார். துண்டை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டார். நடிப்பில்லை. நிஜமாகவே கண் கலங்கியிருந்தது.

"பாத்தீங்களாக்கா, படத்துல காட்டுன அதே எடம்! நெஞ்சுலதான் வாங்கியிருக்காரு மனுசன். இந்தக் காலத்துப் பசங்க சினிமாக்காரன் புளுகுறான்னு பேசுறானுங்க. இதைக் கொண்டுபோய் மூஞ்சில காட்டோணும்."

அவள் தலையாட்டினாள்.

"ஆமா, பொத்தானைக் காணோம்?"

அவள் சிற்பியைப் பார்த்தாள்.

"ஜிப்பா மாதிரிங்க," என்றார் சிற்பி.

"அட! படத்துலயும் ஜிப்பாதானே!"

தண்டபாணி சிலையைச் சுற்றி வர ஓர் எட்டு வைத்தார். சிற்பி குறுக்கே வரவில்லை. வாயால்தான் தடுத்தார்.

"பின்னால ஒரே சேறுங்க. வெள்ளை வேட்டி கெட்டுப்போயிரும்."

எடுத்து வைத்த கால் பின்வாங்கியது.

"சரி விடு, அது செவுத்துப் பக்கம் நிக்கறதுதானே. அக்கா, இப்புடி முன்னால வாங்க. ஐயாவோட ஒரு போட்டோ. இன்னொரு ஃபிளெக்ஸுக்கு ஆகும்."

அவள் சிலைக்கு முன்னால் வந்து நின்றாள். பின்னால் திறந்து கிடந்த சட்டை தோளிலிருந்து நழுவப் பார்த்தது. துளையும் நெஞ்சைவிட்டுச் சரியத் தொடங்கியது.

சிற்பி சிலையின் பின்புறம் போனார்.

அவள் முதுகுக்குப் பின்னால் மெல்லிய சத்தம். முதல் பொத்தான். பிறகு அதற்கு மேலே ஒன்று. மண் காய்ந்த தடித்த விரல்கள், அவசரமில்லாமல்.

"அசையாதீங்கக்கா," என்றார் தண்டபாணி.

அவள் அசையவில்லை.

கடைசிப் பொத்தானையும் மாட்டி முடிக்கும்வரை, கவுன் போட்ட குழந்தையைப் போல, முதுகைக் காட்டியபடி நின்றாள்.